70 என்பது குறைவா, போதுமா? மூச்சுத் தசை வலிமையை எதை வைத்து அளப்பது

வந்தவருக்கு 62 வயது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும் தசைகளுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வாயில் மவுத்பீஸ், மூக்கில் கிளிப். "முழுசா ஊதி முடிச்சிட்டு இப்ப இழுங்க, இழுங்க, விடாம இழுங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்தியதற்குக் கிடைத்த எண் 70. 70 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சித் தூக்கும் அளவுக்கு அழுத்தம் என்று பொருள். இனி வரும் அழுத்த எண்களுக்கும் இதே அலகுதான்.

சரி, இந்த 70 நல்ல எண்ணா? பிளாக், ஹையாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1969இல் வெளியிட்ட சமன்பாட்டில் வயதைப் போட்டால், இவருக்கு எதிர்பார்க்கும் அளவு 109. அதில் 70 என்பது 64 சதவீதம்தான். வில்சனும் உடனிருந்தவர்களும் 1984இல் தந்த சமன்பாட்டில் எதிர்பார்ப்பே 78. அங்கே இவர் 90 சதவீதம் வாங்கிவிடுகிறார். ஆள் ஒருவர், இழுத்த மூச்சும் ஒன்று. ஆனால் ஒரு தாளில் 'தசை பலவீனம்' என்று வரும், இன்னொன்றில் 'நார்மல்' என்று வரும்.

எந்தப் பரிசோதனையைச் செய்வது என்று யோசிப்பவர்கள் எல்லாரும், அதை யாருடைய அட்டவணையோடு ஒப்பிடப் போகிறோம் என்பதையும் அதே நேரத்தில் யோசித்தாக வேண்டும். இரண்டும் ஒரே முடிவு. பிரித்து எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

வாயால் இழுப்பது

இதைத்தான் எம்ஐபி, அதாவது உள்ளிழுப்பின் உச்ச அழுத்தம் என்கிறோம். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, அடைத்த குழாய்க்கு எதிராக முடிந்த மட்டும் உள்ளே இழுக்க வேண்டும். குழாய் அடைத்திருப்பதால் காற்று நகராது. அழுத்தம் மட்டும் எழும். குறைந்தது ஒன்றரை நொடியாவது விடாமல் இழுத்தால், அதில் 1 நொடிச் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். சில மீட்டர்கள் அந்தச் சராசரியைக் காட்டாமல், ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கிய உச்சத்தைக் காட்டும். அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். கையில் உள்ள மீட்டர் எதைக் காட்டுகிறது என்று ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

முழுவதும் ஊதிவிட்டு இழுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நுரையீரலில் காற்று மிகக் குறைவாக இருக்கும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் நன்றாக மேலே குவிந்து நிற்கும், அதன் இழைகளும் நீண்டிருக்கும். நீண்ட தசைதான் வலுவாகச் சுருங்கும். ஆனால் அந்த நிலையில் நெஞ்சுக்கூடும் நசுங்கிய ஸ்பிரிங் மாதிரி வெளியே விரியத் துடித்துக்கொண்டிருக்கும். ஆக, மீட்டரில் தெரியும் எண்ணில் 30 வரைகூட அந்த ஸ்பிரிங்கின் பங்காக இருக்கலாம், தசைக்குச் சேராது. சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நிலையிலிருந்து இழுத்தால் இந்தக் கலப்படம் இருக்காது, ஆனால் எண் குறையும். இரண்டு முறையிலும் அளக்கிறார்கள். அட்டவணை எந்த நிலையிலிருந்து எடுக்கப்பட்டதோ அதே நிலையிலிருந்து இழுக்க வைத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய குழப்பம் செய்யக்கூடியது: குழாயில் ஓர் ஊசித்துளை. 2 மில்லிமீட்டர் அகலம், 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம். அது இல்லாவிட்டால் கெட்டிக்காரர்கள் தொண்டையை மூடிக்கொண்டு, ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுவதுபோலக் கன்னத் தசையாலேயே நல்ல எண் எடுத்துவிடுவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வருகிறது. துளை இருந்தால் அந்த உறிஞ்சல் நிலைக்காது. நெஞ்சிலிருந்து வரும் இழுப்பு மட்டும்தான் தாக்குப்பிடிக்கும்.

மவுத்பீஸ் விஷயத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் பாதி வழக்கு இங்கேதான் முடிகிறது. பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைத்துக் கவ்வும் விளிம்புள்ள ரப்பர் மவுத்பீஸ் ஒரு வகை. உதட்டுக்கு வெளியே வைத்து அழுத்திப் பிடிக்கும் வட்டக் குழாய் இன்னொரு வகை. விளிம்புள்ளது வசதி, புதிதாக வருபவர் உடனே பழகிவிடுவார். ஆனால் அழுத்தம் ஏறும்போது உதட்டோரமாகக் காற்று கசியும். குழாயில் கசிவு குறைவு, அதனால் எண் கூடும். 1969இன் அளவுகள் குழாயில் எடுத்தவை, 1984இன் அளவுகள் விளிம்பில் எடுத்தவை. 109க்கும் 78க்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு இது ஒரு முக்கியமான காரணம். கவ்வும் மவுத்பீஸில் அளந்துவிட்டு 1969 சமன்பாட்டில் போடும் மென்பொருள்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அச்சில் வந்த 64 சதவீதத்தைப் பார்த்துப் பயந்துபோன நோயாளியிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மூக்கால் உறிஞ்சுவது

ஒரு மூக்குத் துவாரத்தில் அடைப்பானை வைத்து, அதன் வழியே அழுத்தத்தை அளப்பார்கள். இன்னொரு துவாரம் திறந்திருக்கும். வாய் மூடி, சாதாரணமாக மூச்சு விட்டு முடித்ததும், சளி பிடித்தவர் உறிஞ்சுவதுபோல 'சர்ர்' என்று ஒரே உறிஞ்சல். பெயர் ஸ்னிப். கவ்வ வேண்டாம், ஒன்றரை நொடி தாக்குப்பிடிக்க வேண்டாம், கற்றுக்கொடுக்கவே வேண்டாம். குழந்தையும் செய்யும்.

இதில் நெஞ்சுக்கூட்டு ஸ்பிரிங்கின் உதவி கிடைப்பதில்லை. அப்படிப் பார்த்தால் வாயால் இழுத்ததைவிட எண் குறைய வேண்டும். ஆனால் நிறையப் பேருக்கு உறிஞ்சலில்தான் கூடுதலாக வருகிறது. உறிஞ்சுவது உடம்புக்குப் பழகிய வேலை. அடைத்த குழாயை இழுப்பது அப்படியல்ல. வாழ்நாளில் முதல்முறை செய்கிறார், அதுவும் ஓர் ஆள் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்க.

ஊல்ட்ரி, ஃபிட்டிங் இருவரும் 1995இல் இதற்கு வெளியிட்ட சமன்பாடு எளிது. ஆணுக்கு 126.8இலிருந்து வயதை 0.42ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும், பெண்ணுக்கு 94.9இலிருந்து 0.22ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். நம் 62 வயதுக்காரருக்கு 101 வருகிறது. ஆண் 70க்கு மேலும் பெண் 60க்கு மேலும் உறிஞ்சிக் காட்டினால், கவலைப்படும் அளவுக்குத் தசை பலவீனம் இருக்க வாய்ப்பு குறைவு என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு.

குறைகள் இல்லாமல் இல்லை. மூக்கடைப்பு இருந்தால் எண் விழும். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு நுரையீரலுக்குள் எழும் அழுத்தம் அந்தக் குறுகிய நேரத்தில் மூக்குவரை வந்து சேராது. அதனால் இருக்கும் வலுவைவிடக் குறைவாகக் காட்டும். அப்புறம், பத்து தடவை உறிஞ்சிய பிறகும் சிலருக்கு எண் ஏறிக்கொண்டே போகும். மூன்று தடவை பார்த்துவிட்டு நிறுத்தினால் அநியாயம்.

வாயால் ஊதுவது

இது எம்இபி, வெளியே ஊதுவதின் உச்ச அழுத்தம். முழுக்க மூச்சை நிரப்பிக்கொண்டு அடைத்த குழாய்க்கு எதிராக ஊத வேண்டும். வயிற்றுத் தசைகள்தான் இதில் பெரிய பங்காளிகள். இழுப்பதைவிட ஊதுவதில் எண் பொதுவாகப் பெரிதாக வரும். இங்கேயும் விரிந்த நுரையீரலும் நெஞ்சும் சுருங்கப் பார்ப்பதால் 40 வரை இலவசமாகக் கிடைக்கும்.

இருமல் வலுவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் இதைச் செய்யலாம். ஆனால் அதற்கு இருமலையே நேராக அளக்கும் வழியும் இருக்கிறது. இருமும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று சாதாரண பீக் ஃப்ளோ மீட்டரிலேயே பார்த்துவிடலாம். நரம்பு, தசை நோய் உள்ளவர்களில் 270க்குக் கீழே போனால் சளி பிடிக்கும் காலங்களில் உஷாராக இருக்க வேண்டும். 160க்குக் கீழே என்றால் சளியைத் தானாக வெளியேற்றுவதே கடினம். எனக்கு எம்இபியைவிட இந்த எண்தான் நோயாளியின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. மேலும் எம்இபிக்கு அட்டவணைகளின் சண்டை இன்னும் மோசம்: 25 வயது ஆணுக்கு 1969 சமன்பாடு 242 கேட்கும், 1984 சமன்பாடு 157 போதும் என்னும். மவுத்பீஸ் கசிவு ஊதும்போதுதான் உச்சத்துக்குப் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சமீபத்தில் வயிற்றிலோ கண்ணிலோ அறுவை செய்தவர்களையும், நெஞ்சுக்குள் காற்று கசிந்தவர்களையும் இப்படி முக்கி ஊத வைக்கக் கூடாது.

ஸ்பைரோமெட்ரி மட்டும் போதாதா

போதாது. மூச்சுத் தசை நன்றாகவே தளர்ந்த பிறகும் மொத்த மூச்சளவு அவ்வளவாகக் குறையாமல் இருக்கும். நுரையீரல் முக்கால்வாசி நிரம்பும்வரை அதிக வலு தேவையே இல்லை. கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் நிறைய வலு வேண்டும். அதனால் தசை பாதி போனாலும் ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஒரே ஒரு உபாயம் உண்டு. உட்கார்ந்து ஒருமுறை, படுத்து ஒருமுறை எடுக்க வேண்டும். படுத்தால் வயிற்றின் கனம் உதரவிதானத்தை மேலே தள்ளும். அது பலவீனமாக இருந்தால் தோற்றுவிடும். படுத்ததும் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் இரண்டு பக்க உதரவிதானத்தையும் சந்தேகிக்கலாம்.

இன்னும் ஒரு வழி, நோயாளியின் முயற்சியையே நம்பாதது: கழுத்தில் காந்தத் துடிப்பு கொடுத்து உதரவிதான நரம்பைத் தூண்டி, உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் இறக்கிய பலூன்களில் அழுத்தத்தைப் பார்ப்பது. பொய் சொல்லவே முடியாத பரிசோதனை. ஆனால் இரண்டு பலூன்களை மூக்கு வழியாக விழுங்க வேண்டும், அதற்கான கருவியும் கைப்பழக்கமும் உள்ள இடங்களும் சில. மற்ற எல்லாம் குழம்பிய பிறகு கேட்க வேண்டியது இது.

யாருடைய நார்மல்

பரிசோதனையைத் தேர்ந்தாயிற்று. இனி அட்டவணை.

பிளாக், ஹையாட் சமன்பாடு இழுப்புக்கு இப்படி: ஆணுக்கு 143இலிருந்து வயதின் 0.55 மடங்கைக் கழி. பெண்ணுக்கு 104இலிருந்து 0.51 மடங்கைக் கழி. அவர்கள் அளந்தது 120 பேரை. அதில் ஆண், பெண் என்று பிரித்து, அப்புறம் வயது வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம். வில்சன் குழுவின் ஆண் சமன்பாடு 142இலிருந்து வயதின் 1.03 மடங்கைக் கழிக்கிறது. தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். சரிவுதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 25 வயதிலிருந்து 75 வயதுக்குள் முதலாவது சமன்பாட்டில் 27.5 குறையும், இரண்டாவதில் 51.5 குறையும். வேடிக்கை என்னவென்றால், வில்சன் குழுவின் பெண்கள் சமன்பாட்டில் வயதே இல்லை. உயரம்தான் இருக்கிறது: உயரத்தின் 0.71 மடங்கிலிருந்து 43ஐக் கழிக்க வேண்டும். 62 வயதுப் பெண் 152 சென்டிமீட்டர் உயரம் என்றால் எதிர்பார்ப்பு 65. 165 என்றால் 74. 1999இல் நெடர் குழு பிரேசிலில் 20 முதல் 80 வயது வரையிலான 100 பேரை அளந்து தந்த சமன்பாட்டில் அதே பெண்ணுக்கு 80.

வயதானால் இது ஏன் குறைகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. தசை இளைக்கிறது, விலா எலும்புக்கூடு விறைக்கிறது, முழுக்க ஊதிய பிறகும் உள்ளே தங்கும் காற்று வயதோடு கூடுவதால் உதரவிதானம் முன்போலக் குவிவதில்லை. ஆனால் இந்தச் சமன்பாடுகளில் ஓர் ஓட்டை இருக்கிறது. யாரையும் 25 வயதிலிருந்து 75 வரை தொடர்ந்து அளக்கவில்லை. இன்றைய இளைஞரையும் இன்றைய முதியவரையும் ஒரே காலத்தில் அளந்து கோடு போட்டிருக்கிறார்கள். எனவே 'வருஷத்துக்கு அரைப் புள்ளி குறையும்' என்று உங்கள் சொந்த எண்ணுக்கு ஜோசியம் சொல்ல அதைப் பயன்படுத்த முடியாது.

ஆண், பெண் வித்தியாசம் எல்லா அட்டவணையிலும் இருக்கிறது. பெண்களின் அளவு ஆண்களுடையதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி வரும். குழந்தைகளிடம் போனால் கதை மாறுகிறது. உடம்பு இத்தனை சின்னதாக இருந்தும் பிள்ளைகள் எடுக்கும் அழுத்தம் பெரியவர்களை நெருங்கும். உதரவிதானக் குவிமாடம் சிறியதாக, நன்கு வளைந்ததாக இருந்தால், அதே இழுவிசைக்குக் கூடுதல் அழுத்தம் எழும். சின்ன பலூனை ஊதத் தொடங்குவதுதான் கஷ்டம் என்பது ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கணக்கு அதேதான். ஆக, பிள்ளைகளுக்குப் பெரியவர் சமன்பாட்டை 'கொஞ்சம் குறைத்து' போடுவது தவறு. அவர்களுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது.

65ஐத் தாண்டியவர்களுக்கு என்னிடம் கேட்டால், என்ரைட் குழு 1994இல் தந்ததை எடுப்பேன். அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள். வயதோடு எடையும் கணக்கில் வருகிறது. கைப்பிடி வலு உள்ளவருக்கு மூச்சு வலுவும் இருந்தது என்பதையும் அங்கே பார்த்தார்கள். நூற்றிச் சொச்சம் பேரை வைத்துப் போட்ட கோட்டின் வால் பகுதியை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

சதவீதமா, கீழ்வரம்பா

ரிப்போர்ட்டில் 'எதிர்பார்ப்பில் இத்தனை சதவீதம்' என்று போடும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பேன். ஆரோக்கியமானவர்களிடையே இந்த அளவுகள் மிகவும் சிதறிக் கிடக்கின்றன. ஒருவருடைய இழுப்பு இன்னொருவருடையதில் பாதியாக இருந்தும் இருவரும் நலமாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒன்றில் '80 சதவீதத்துக்குக் கீழே நோய்' என்று கோடு கிழிப்பது பிழை. இவான்ஸ், வைட்லா இருவரும் 2009இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, சராசரியோடு கீழ்வரம்பையும், அதாவது ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் அதற்குக் கீழே போகாத எல்லையையும் தந்தார்கள். ஆணின் இழுப்புக்குக் கீழ்வரம்பு, 62இலிருந்து வயதின் 0.15 மடங்கைக் கழித்தது. நம் ஆளுக்கு 53. அவர் எடுத்தது 70. பெண்ணுக்கு 62இலிருந்து வயதின் பாதியைக் கழிக்க வேண்டும். 62 வயதுப் பெண்ணுக்கு 31.

'80க்கு மேல் இழுத்தால் முக்கியமான பலவீனம் இல்லை' என்று ஒரு பழைய விதி உண்டு. அது சரியான விதிதான், ஒரு திசையில் மட்டும். 80 எடுத்தவரை நிம்மதியாக அனுப்பலாம். எடுக்காதவரை நோயாளி என்று சொல்ல முடியாது. பிளாக், ஹையாட் சமன்பாட்டில் 62 வயதுப் பெண்ணின் எதிர்பார்ப்பே 72தான். விதியைத் திருப்பிப் போட்டால் அந்த வயதுப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் என்றாகிவிடும்.

அட்டவணையே தேவைப்படாத சந்தர்ப்பங்களும் உண்டு. நரம்புகள் தாக்கப்பட்டுத் தசைகள் வேகமாகத் தளரும் கில்லன்-பாரே நோயில் படுத்திருப்பவருக்கு இழுப்பு 30க்கும் ஊதல் 40க்கும் மூச்சளவு எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கினால் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி யோசிக்க வேண்டும். அங்கே வயது, பாலினம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. நரம்பணுக்கள் அழிந்து தசைகள் படிப்படியாகத் தளரும் ஏஎல்எஸ் நோயில் உறிஞ்சல் 40க்குக் கீழே போவது மூச்சுத்துணைக் கருவியைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். அந்த நோயில் உதடு தளர்ந்து மவுத்பீஸைக் கவ்வ முடியாமல் போவதால் மூக்கு வழிதான் கைகொடுக்கும். முகம் ரொம்பவும் தளர்ந்த பிறகு அதுவும் கைவிடும். இவர்களுக்கெல்லாம் ஊர் சராசரியைவிடப் போன மாதத்து எண்தான் முக்கியம். அதே மீட்டர், அதே மவுத்பீஸ், முடிந்தால் அதே ஆள் கத்துவது.

எனவே நான் செய்யும் வரிசை இது. முதலில் உறிஞ்சல், குறைந்தது பத்து தடவை. ஆணுக்கு 70, பெண்ணுக்கு 60 தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். தாண்டாவிட்டால் வாயால் இழுப்பு, ஐந்தாறு தடவை, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் மூன்று வரும்வரை. இரண்டில் எது பெரிதோ அதுதான் அவருடைய எண். இருப்பதைவிடக் குறைத்துக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது, கூட்டிக் காட்ட வழி மிகக் குறைவு. இரண்டிலும் கீழ்வரம்புக்குக் கீழே இருந்தால்தான் பலவீனம் என்று எழுதுவேன். மீட்டர் வாங்குபவர்களுக்கு: வாய், மூக்கு இரண்டையும் அளக்கும் கையடக்க மீட்டர்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு மட்டும் என்று வாங்க வேண்டாம். வாங்கும்போது அதன் மென்பொருளில் எந்தச் சமன்பாடு இருக்கிறது, அதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் வேறு மாடலைப் பாருங்கள்.

62 வயதுக்காரரை மூன்று நாள் கழித்து மறுபடி வரச் சொன்னேன். உறிஞ்சலில் 91. பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் சொன்னார், போன தடவை பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'எதையோ கடிக்கச் சொல்றாங்க, உடைஞ்சிடுமோன்னு' என்றார். பல்செட்டை மாட்டிவிட்டு, அதே மவுத்பீஸில் உட்கார வைத்தேன். 88. ரிப்போர்ட்டில் பழைய சதவீதத்தை அடித்துவிட்டு, கீழ்வரம்பு 53 என்றும், விளிம்புள்ள மவுத்பீஸ், பல்செட்டுடன் என்றும் கையால் எழுதி அனுப்பினேன். மூச்சு வாங்குவதற்குக் காரணத்தை டாக்டர் இதயத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்.